எதிரே ஒரு டீக்கடை

சென்ற வருடம் ஆடி மாதம் ஒரு இரவு, மகளுக்குக் காய்ச்சல் 103ஐத் தாண்டியது. மணி பதினொன்றரை இருக்கும். கார் கீழே நிற்கிறது, சாவி என் பக்கத்தில் கிடக்கிறது. மனைவி என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு குழந்தையைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனாள். வாட்ச்மேன்தான் ஆட்டோ பிடித்துக் கொடுத்திருக்கிறார். நான் சோபாவிலேயே இருந்தேன். எழுந்தால் தள்ளாடுவேன் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். விடிகாலையில் திரும்பி வந்தவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன்.

மறுநாள் போனில் தேடினேன். சென்னையில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள். எந்தப் பகுதி, எந்தக் கிழமை, தமிழா ஆங்கிலமா, ஓப்பனா க்ளோஸ்டா என்று பட்டியல் வந்தது. ஓப்பன் கூட்டத்துக்கு யாரும் போகலாம். க்ளோஸ்டு, குடிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மட்டும். குடியை நிறுத்தும் விருப்பத்தைத் தவிர வேறு தகுதி தேவையில்லை, சந்தா கிடையாது.

ஒரு எண்ணை அழைத்தேன். எடுத்தவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை. "தினமும் குடிக்கிறீங்களா? காலைல கை நடுங்குதா?" என்றார். நடுங்கும் என்றேன். "அப்ப முதல்ல டாக்டரைப் பாருங்க சார். ரொம்ப நாளா தினமும் குடிக்கிறவங்க திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரலாம். மீட்டிங் மருந்து இல்ல. உங்களுக்கு ரெண்டும் வேணும்."

டாக்டரைப் பார்த்தேன். அது சுலபமாக இருந்தது. மீட்டிங்தான் கஷ்டம்.

ஒரு தேவாலயத்தை ஒட்டிய பள்ளி. மாலை 7 மணி. மாநகராட்சிப் பகுதியில் பள்ளியிலிருந்து 50 மீட்டருக்குள் டாஸ்மாக் இருக்கக் கூடாது என்பது விதி. எந்த ஊரிலும் டாஸ்மாக்கை நான் தேடி அலைந்ததில்லை, கால் தானாகவே போகும். இங்கே, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று மேப் சொன்ன பிறகும் வாசலைத் தாண்ட முடியவில்லை. எதிரே இருந்த டீக்கடையில் நின்று, உள்ளே போகிறவர்களைப் பார்த்தேன். குடிகாரன் என்பது தெருவில் விழுந்து கிடப்பவருக்கான சொல். நான் இ.எம்.ஐ. தவறாதவன். திரும்பிவிட்டேன். அடுத்த வாரமும் அப்படியே.

மூன்றாவது வாரம் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த காக்கிச் சட்டைக்காரர் என்னைப் பார்க்காமலே கேட்டார். "மீட்டிங்குக்கா தம்பி?"

"இல்லண்ணே, சும்மா."

"நானும் ஒரு மாசம் சும்மாதான் இங்க நின்னேன். வா."

மூன்றாம் வகுப்பு அறை. கரும்பலகையில் வாய்ப்பாடு அழிக்கப்படாமல் இருந்தது. முழங்கால் இடிக்கும் சின்ன பெஞ்சுகள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்றார்கள். யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லவில்லை. பத்தொன்பது வருடம் குடிக்காமலிருக்கும் ஒரு பெரியவர் "இன்னைக்கு நான் குடிக்கல" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். நாலு வருடம் நிறுத்தி, போன வாரம் மறுபடி குடித்த ஒருவர் வந்திருந்தார். பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். என் முறை வந்தபோது பெயரை மட்டும் சொன்னேன். அடுத்த சொல் வரவில்லை. காத்திருந்தார்கள். அப்புறம் வந்தது.

இந்த இயக்கம் தொடங்கிய கதையைப் பிறகு படித்தேன். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரம். தொழில் விஷயமாக வந்து தோற்றுப்போன பில் வில்சன் ஹோட்டல் லாபியில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி. அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துப் பாதிரியார்களை அழைக்கிறார், பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும் என்று. அப்படிக் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லி வந்த டாக்டர், மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தார். அந்த ஜூன் 10ஆம் தேதியைத்தான் இயக்கத்தின் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள். இதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒன்று: பில் தேடியது தனக்கு உதவி செய்யும் ஆளை அல்ல. தான் குடிக்காமலிருக்க, தான் உதவி செய்வதற்கு ஒரு ஆளை. டீக்கடை அண்ணன் என்னை ஏன் கூப்பிட்டார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவருக்கும் நான் தேவைப்பட்டேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. மூன்றாவது மாதம் அலுவலக டூரில் குடித்தேன். பழைய இடத்துக்குப் போக வெட்கப்பட்டு, பட்டியலில் வேறொரு பகுதியைத் தேடிப் போய், முதல்முறை வருகிறவன் போல் உட்கார்ந்தேன். அங்கேயும் அன்பாக டீ கொடுத்தார்கள். அந்த டீதான் தொண்டையில் இறங்கவில்லை. அடுத்த வாரம் மூன்றாம் வகுப்புக்கே திரும்பி, எழுந்து சொன்னேன். அண்ணன் பெஞ்சில் நகர்ந்துகொண்டார்.

அன்றிலிருந்து ஏழு மாதம். மனைவி இன்னும் முழுதாக நம்பவில்லை, நம்பச் சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை. குடும்பத்தினருக்கென்று இருக்கும் அல்-அனான் கூட்டத்துக்கு ஒருமுறை போய்வந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

போன வியாழன் கிளம்பும்போது மகள் கேட்டாள். "அப்பா, நீ போற ஸ்கூல்ல எத்தனாவது படிக்கிற?"

"மூணாவதும்மா."

"எப்ப பாஸாவ?"

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "இந்த ஸ்கூல்ல பாஸ் கிடையாது. தினமும் போகணும், அவ்வளவுதான்" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துப் பாத்திரச் சத்தம் மறுபடி கேட்டது.