கம்பிக்கு மேலே நாற்பது மில்லி

மலேசியாவின் கிள்ளானிலிருந்து காப்பார் வழியாக ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வடக்கே போனால், ஜெராம் வருவதற்கு முன்பே செம்பனைக் காடும் உப்புக்காற்றும் மாறி மாறி எதிர்ப்படும். வார இறுதியில் இங்கே கூட்டம் சுட்ட மீனுக்கும் கெராங் சிப்பிக்கும் வரும். நான் போனது கம்பி கட்டுகிறவர்களைப் பார்க்க. மீன்பிடித் துறைக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வேலையாட்களில் இருவர் வங்காளதேசத்துக்காரர்கள், ஒருவர் இந்தோனேசியர். மேலே நின்று வேலை வாங்கிய மண்டோர் தமிழர். பக்கத்துத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பெற்றோர் பால் மரம் வெட்டியவர்கள். நால்வருக்கும் பொதுவாக ஓடியது மலாய். திட்டு மட்டும் தமிழில் வந்தது.

"இது பதினாறு மில்லி, தம்பி. பன்னிரண்டு மீட்டர் நீளம். ஒண்ணு பத்தொம்பது கிலோ. தூக்கிப் பாருங்க, தோளே சொல்லும்" என்றார். கணக்குச் சரிதான். விட்டத்தை விட்டத்தாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும். தாளே எடுக்காமல் அவர் அதைப் போட்டுக் காட்டினார்.

குவியலில் இரண்டு இனம் கிடந்தது. வழவழப்பான மெல்லிய உருட்டுக் கம்பி சாதா இரும்பு. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 250 நியூட்டன் தாங்கும், அதைத் தாண்டினால் நிரந்தரமாக நீண்டுவிடும். மேலே வரிவரியாக முண்டு உள்ளதற்கு அந்த எல்லை 500. பழைய வரைபடங்களில் 460 என்று இருக்கும். முண்டுகள் கான்கிரீட்டைப் பற்றிக்கொள்வதற்காக. இரட்டிப்பு வலு எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவையான விஷயம். ஆலையில் செந்தழலாக உருண்டு வெளியே வரும் கம்பியின் மேல் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். வெளித்தோல் சட்டென்று இறுகிவிடுகிறது. உள்ளே தங்கிய சூடு மெல்ல வெளியேறி அந்தத் தோலின் முரட்டுத்தனத்தைக் குறைக்கிறது. மெதுவடை மாதிரி, மேலே முறுகல், உள்ளே மென்மை. அதனால்தான் இதை வளைக்க ஒரு முறை உண்டு. கம்பியின் விட்டத்தைப் போல நான்கு மடங்கு உருளையைச் சுற்றி வளைக்கலாம், பருமன் கூடினால் ஏழு மடங்கு. வளைத்ததை மறுபடி நிமிர்த்தக் கூடாது. தவறான இடத்தில் வளைத்துவிட்ட ஒரு கம்பியை இந்தோனேசியர் நிமிர்த்தப் போனபோது மண்டோர் பிடுங்கி ஓரத்தில் போட்டார். வளைவின் உட்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழுந்திருக்கும் என்றார்.

இரும்பில் வேறு சாதிகளும் இருக்கின்றன. சாக்கடை மூடியாகக் கிடக்கும் வார்ப்பிரும்பில் கரி நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் உடையும். கரியே இல்லாத அளவுக்குச் சுத்திகரித்த தேனிரும்பில்தான் 1889இல் ஈஃபில் கோபுரம் எழுந்தது. இவை இரண்டுக்கும் இடையில் நிற்பது எஃகு. வீட்டுக் கம்பியில் கரி நூற்றுக்குக் கால் பங்குகூட வராது.

ஆனால் ஜெராமில் எந்தக் கம்பி என்பது இரண்டாவது கேள்வி. பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தை மண்டோர் காட்டினார். உத்திரத்தின் அடிப்பாகம் பெயர்ந்து, உள்ளே கம்பி செதில் செதிலாகக் கருஞ்சிவப்பில் தொங்கியது. கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். அது இருக்கும்வரை துரு அண்டாது. காற்றிலும் மண்ணிலும் கலந்த உப்பு, ஈரத்தோடு ஊறி உள்ளே போய் அந்தப் படலத்தை ஓட்டையாக்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் கான்கிரீட் வெடிக்கிறது. தமிழ்நாட்டுப் பாம்பனில் 1914இல் திறந்த கடல் ரயில் பாலமும் இப்படித்தான், காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டி 2022 டிசம்பரில் ரயிலை இழந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். ஜெராம் வீட்டுக்காரருக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. அவருக்குள்ள ஒரே கவசம், கம்பிக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே நிற்கிற கான்கிரீட்டின் தடிமன். இவர்கள் அதைக் 'கவர்' என்கிறார்கள். இந்த வீட்டு வரைபடத்தில் அது 40 மில்லி.

அந்த 40 மில்லியைக் காப்பது சின்னச் சின்ன சிமெண்டுக் கட்டைகள். 'காக்காத்துவா' குறடால் கட்டுக்கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கி, கம்பிக் கூட்டின் அடியிலும் பக்கத்திலும் அவற்றைக் கட்டிவிட வேண்டும். விட்டுவிட்டால் கூடு சரிந்து வார்ப்புப் பலகையில் போய்ச் சாயும். கான்கிரீட் கொட்டிய பிறகு யாருக்கும் தெரியாது. நான் நின்றபோதே ஒரு உத்திரத்தின் பக்கவாட்டில் கட்டைகள் இல்லை. பொறியாளர் டேப்பை நுழைத்துப் பார்த்துத் தலையை ஆட்டினார். அது 15 மில்லிதான் காட்டியது. கடப்பாரையால் கூட்டை நெம்பிக் கட்டைகளைத் திணிக்க அரைமணி நேரம் போனது.

கூரைக்கு மரம் இல்லை. துத்தநாகமும் அலுமினியமும் பூசிய ஒரு மில்லித் தகட்டை மடித்துச் செய்த சட்டங்கள் வந்து இறங்கியிருந்தன. பூச்சு தான் அரிபட்டு உள்ளிருக்கும் எஃகைக் காக்கும். பூச்சு பெரிதாகக் கீறல்பட்ட இடம்தான் பிறகு தொல்லை தரும்.

மீந்த துண்டுகளையெல்லாம் பெசி புருக் லோரி அள்ளிக்கொண்டு போகும். இந்நாட்டில் பழைய இரும்பு வியாபாரத்தில் நம்மவர்கள் ஏராளம். கிள்ளான் புக்கிட் ராஜா பக்கம் உருக்காலைகள் இருக்கின்றன. மின்வில் உலையில் வெட்டுத்துண்டும் நசுங்கிய காரும் ஒன்றாக உருகி மறுபடி கம்பியாகும்.

தேநீர் நேரத்தில் கூலியைப் பற்றிக் கேட்டேன். டன் கணக்கு. இருபத்தைந்து மில்லிக் கம்பி என்றால் ஒரு டன்னுக்கு 22 நீளம். பத்து மில்லி என்றால் 135. அத்தனையையும் வெட்டி, வளைத்து, ஒவ்வொரு சந்திப்பிலும் முறுக்க வேண்டும். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். சிமெண்டுக் கட்டை தராசில் ஏறாது. அதைக் கட்டுகிற நேரத்துக்குக் கூலி இல்லை. கட்டை விடுபடுவதற்குச் சோம்பலைக் காரணம் சொல்வார்கள். எனக்கு அந்தக் கூலிச் சீட்டின் மேல்தான் சந்தேகம்.

வீட்டுக்காரர் கோப்பைத் திறந்தார். கவர் 40 மில்லி என்று வரைபடத்தின் ஓரக்குறிப்பில் இருந்தது. கூலி ஒப்பந்தத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. எட்டிப் பார்த்த மண்டோர் விடவில்லை.

"கட்டைக்கு அஞ்சு சென் போடுங்க பாஸ், ஒண்ணு விடாம கட்டித் தர்றேன்."

"இந்தத் தளம் முடியட்டும் மண்டோர். மேல்மாடிக்குப் பார்ப்போம்."