பூம்பாறை மேல் ஒரு ட்ரோன்

பூம்பாறைப் பூண்டு வயல்கள் மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறுபவை. அவற்றின்மேல் ட்ரோன் பறக்கவிட்டுப் படமெடுக்கும் என்னைப் போன்றவர்களுக்கு முதல் கேள்வி, உயரத்தை எதிலிருந்து அளப்பது என்பதுதான். ட்ரோனில் உள்ள பாரோமீட்டருக்குத் தெரிந்தது காற்றழுத்தம் மட்டும். கிளம்பிய இடத்திலிருந்து 40 மீட்டர் மேலே இருக்கிறேன் என்று அது சரியாகவே சொல்லும். எதிரே வயலும் 40 மீட்டர் ஏறியிருந்தால் ட்ரோன் வரப்பில் மோதும். அதனால்தான் ஒளியால் தூரம் அளக்கும் ஒரு லைடாரையும் தரையைப் பார்த்தபடி பொருத்துகிறோம்.

ஆனாலும் பாரோமீட்டர்மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு. போஷ் நிறுவனத்தின் பிஎம்பி390 சிப் 2 மில்லிமீட்டர் சதுரம்தான். கால் மீட்டர் ஏற்ற இறக்கத்தையும் உணரும். ஆனால் அந்தக் கணக்கு சமவெளிக்கு உரியது. கடலோரத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால் சுமார் எட்டரை மீட்டர் ஏறியதாகப் பொருள். மெல்லிய மலைக்காற்றில் அதுவே பத்து மீட்டரைத் தாண்டும். சிப்பின் சிறு தடுமாற்றமும் அதே அளவு பெருகும். இன்னொன்று: வெப்பமண்டலத்தில் காலை பத்து மணிவாக்கில் உச்சத்தில் நிற்கும் காற்றழுத்தம், மாலை நான்குக்குள் 2 முதல் 3 ஹெக்டோபாஸ்கல் இறங்கும். நண்பகலில் இருபது நிமிடம் பறந்தால், ஒரே உயரத்தில் நிற்பதாக நம்பிக்கொண்டே ட்ரோன் ஒன்றிரண்டு மீட்டர் தாழ்ந்திருக்கும். எந்தத் தகவல் தாளிலும் இது இருக்காது. இங்கே பறப்பவர் நேரம் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும்.

ட்ரோன் திரும்புவதை உணரும் ஜைரோவுக்குக் குளிர்தான் சிக்கல். அதிரும் சிலிக்கான் துணுக்கு திரும்பும்போது ஏற்படும் விலகலை அது அளக்கிறது. ஈயின் இறக்கைக்குப் பின்னால் அதிரும் குமிழ்க்காம்புகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன. குளிரில் அந்த அளவீடு பிசகும் என்பதால், மார்கழிக் காலையில் சிப் சூடேறும்வரை ட்ரோனை அசையாமல் தரையில் வைத்திருக்க வேண்டும்.

திசைகாட்டிக்கோ இந்த மலை ஒரு வரம். பூம்பாறை அமைந்த பழனி மலைத்தொடர் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறது. லண்டனில் காந்தப்புலம் அறுபது டிகிரிக்கும் மேலாகத் தரைக்குள் சாய்கிறது. அங்கே ட்ரோன் தன் சாய்வைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் திசை பிசகும். இங்கே புலம் ஏறக்குறையப் படுத்தே கிடப்பதால் அந்தப் பிசகு மிகக் குறைவு. 1899இல் தொடங்கிய கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பூமிக் காந்தத்தையும் அளந்தார்கள். அன்று அதற்கென்றே ஒரு கட்டடம் வேண்டியிருந்தது. இன்று அரிசி மணியைவிடச் சிறிய சிப், அந்த அளவுக்கு நுட்பமாக இல்லாவிட்டாலும், பறந்தபடியே அளக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும்.

மீதமிருப்பது மூடுபனி. பள்ளத்தாக்கிலிருந்து சில நிமிடங்களில் ஏறிவிடும். லைடாரின் ஒளி நீர்த்திவலைகளில் பட்டே திரும்புவதால், தரை மூன்று மீட்டரில் வந்துவிட்டதாக எண்ணி ட்ரோன் மேலே எழும்பப் பார்க்கும். இங்கே லைடாருக்குத் துணையாக வருவது ரேடார். கார்களில் வைக்கும் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் இப்போது ஒரே சிப்புக்குள் அடங்கிவிட்டது. அதன் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர். பனித்திவலையோ அதைவிடப் பல நூறு மடங்கு சிறியது. அதனால் அலை பனியை ஊடுருவிச் செல்கிறது. பூண்டுத் தாளையும் வரப்பையும் ரேடாரால் துல்லியமாகப் பிரிக்க முடியவில்லை. ஆனாலும் பனிக்குள் மோதாமல் திரும்பிவர அது காட்டும் அளவு போதும். இரண்டு சென்சார்களும் முரண்பட்டால் ரேடாரை நம்பும்படி நிரலை எழுதி வைத்திருக்கிறேன்.