யாரும் கேட்காத பணம்: சில குறிப்புகள்

78,213 கோடி ரூபாய். 2024 மார்ச் இறுதியில் ரிசர்வ் வங்கியின் நிதியில் இருந்தது. பத்து வருஷம் யாரும் தொடாத பாங்குக் கணக்குகளின் பணம். அதற்கு முந்தின மார்ச்சில் 62,225 கோடி.

இரண்டு வருஷம் போட்டதும் இல்லை, எடுத்ததும் இல்லை என்றால் கணக்கு செயலிழந்துவிடும். பத்து வருஷம் ஆனால் பணம் மும்பைக்கு, ரிசர்வ் வங்கிக்குப் போகும்.

பாங்க்கே போடும் சேமிப்பு வட்டி கணக்கை உயிரோடு வைக்காது. ஆள் வந்து எதையாவது செய்திருக்க வேண்டும்.

போன பணம் போனதுதான் என்று நினைக்கிறார்கள். இல்லை. கேட்பதற்குக் காலக்கெடு கிடையாது. பாங்க் நமக்குக் கொடுத்துவிட்டு, பிறகு ரிசர்வ் வங்கியிடம் வாங்கிக்கொள்ளும். நாம் மும்பைக்கு எழுத வேண்டியதில்லை. கணக்கு இருந்த பாங்குக்குப் போனால் போதும். இதை வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

வட்டியும் உண்டு. 2021 மே முதல் வருஷத்துக்கு 3 சதவீதம். நடப்புக் கணக்குக்கு மட்டும் வட்டி கிடையாது.

பெரியம்மாவின் பாஸ்புக். அட்டை நைந்து தையல் நூல் வெளியே தெரிகிறது. வரவெல்லாம் நீல மசியில் கையால் எழுதியது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சுருக்கொப்பம். 20 ரூபாய். 15. 50. ஓர் இடத்தில் 7 ரூபாய்.

புதுக்கோட்டைப் பக்கம் குவாரியில் கல் உடைத்த கூலி அது. ஏழு ரூபாயைப் போடவும் பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

கவுண்ட்டரில் இருந்த பையன் ஆதாரையும் பாஸ்புக்கையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது யாரும்மா?"

"நான்தான் தம்பி."

"இனிஷியல் வேற இருக்கே?"

"அது எங்கப்பா. இதுல வீட்டுக்காரர்."

அடுத்தது கையெழுத்து. கணக்குத் தொடங்கியபோது கைநாட்டு. 1991-இல் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது, பெயரெழுதக் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கேயும் ரேகை வைத்ததில்லை. பாங்க் கார்டில் இருப்பதோ ரேகை. ஒப்பிட்டுப் பார்க்க ரேகைதான் வேண்டும் என்றார்கள்.

வைத்தார். பக்கத்திலேயே கையெழுத்தும் போட்டார், யாரும் கேட்காமல்.

இந்தப் பணத்தைத் தேடிப் பார்க்க உத்கம் இணையதளம். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி திறந்தது. முதலில் 7 வங்கிகள், 2024 மார்ச்சில் 30. செல்போன் நம்பரை வைத்து உள்ளே போகலாம். பெயர், பாங்க், கூடவே பான், வாக்காளர் அட்டை, லைசென்ஸ், பாஸ்போர்ட், பிறந்த தேதி என்று ஏதாவது ஒன்று. காசு கட்ட வேண்டியதில்லை.

1985-இல் கணக்குத் தொடங்கியவரிடம் பான் ஏது? பிறந்த தேதி என்பது வாத்தியார் போட்ட தேதி.

ராமசாமி என்று தேடினால் போதாது. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒருவருக்கு ஒய், ஒருவருக்கு ஐ. நடுவில் டபிள்யூ போடுகிறவர்கள் உண்டு. இனிஷியல் முன்னால், பின்னால், விரித்து, ஒட்டி. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கணும். அலுப்பாக இருக்கும். பார்க்கணும்.

பாங்க் ஆஃப் தஞ்சாவூர் 1990-இல் இந்தியன் வங்கியோடு சேர்ந்தது. பாங்க் ஆஃப் தமிழ்நாடு அதே வருஷம் இந்தியன் ஓவர்சீஸில். பாங்க் ஆஃப் மதுரா 2001-இல் ஐ.சி.ஐ.சி.ஐ.யில். லட்சுமி விலாஸ் 2020-இல் டி.பி.எஸ்.ஸில். டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பாஸ்புக்கில் பழைய பெயர். தேட வேண்டியது புதுப் பெயரில்.

வங்கிகள் தனித்தனியாக வெளியிடும் பட்டியலும் இருக்கிறது. பெயர், முகவரி, ஒரு குறிப்பு எண். அவ்வளவுதான். கணக்கு எண் இல்லை, கிளை இல்லை. வேறு யாராவது புகுந்து கேட்டுவிடக்கூடாது என்பதற்காக. சரியான ஏற்பாடுதான்.

அந்த முகவரிகளை வாசித்துக்கொண்டே போகலாம். கேர் ஆஃப் இன்னார். மேலத் தெரு. ரைஸ் மில் எதிரில்.

ரைஸ் மில் இருக்குமா?

சிறுவாட்டுப் பணம் எவ்வளவு இதில் இருக்கும் என்று யோசிக்கிறேன். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் போட்டது. பாஸ்புக்கை அரிசிப் பானைக்குள் வைத்தவர்கள், தம்பி வீட்டில் கொடுத்து வைத்தவர்கள். நாமினி இடத்தில் யார் பெயரை எழுதியிருப்பார்கள்? பல பேர் காலியாக விட்டிருப்பார்கள்.

2025 நவம்பர் 1 முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம்.

நாமினி பணத்துக்கு உரிமையாளர் அல்ல. வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர். ஷேருக்கும் இதேதான், உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் சொன்னது.

வாரிசுச் சான்று. இ-சேவை மையம், வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார். மகன் இறந்தால் மனைவி, பிள்ளைகளோடு தாயும் முதல் வகுப்பு வாரிசு. இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956. எத்தனை வீடுகளில் அந்தத் தாயிடம் இதைச் சொல்கிறார்கள்? கையெழுத்து வேண்டும் என்று மட்டும் கூட்டிப்போகிறார்கள். பார்த்திருக்கிறேன். பார்க்கப் பொறுக்கவில்லை.

நாமினி இல்லாத கணக்குக்கு முன்பெல்லாம் கோர்ட்டுக்குப் போ என்பார்கள். 2025 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி புது விதி போட்டது. தகராறு இல்லாவிட்டால் வணிக வங்கிகளில் 15 லட்சம் வரை எளிய முறை. காகிதமெல்லாம் சேர்ந்த பிறகு 15 நாளில் கொடுத்தாக வேண்டும். விதியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது.

இந்திரா விகாஸ் பத்திரம். 1986-இல் வந்தது. யார் பெயரும் எழுதாத பத்திரம், கையில் வைத்திருப்பவருக்குச் சொந்தம். தொலைத்தவருக்கு நகல் கிடையாது.

ஷேர் வேறு வழி. ஏழு வருஷம் டிவிடெண்டை வாங்காவிட்டால் டிவிடெண்டோடு ஷேரும் மத்திய அரசின் முதலீட்டாளர் நிதிக்குப் போய்விடும். திரும்பக் கேட்க ஐ.இ.பி.எஃப்.-5 படிவம். இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, இன்டெம்னிட்டி பாண்டோடு கம்பெனிக்கு அனுப்பணும். உறையின் மேல் எதற்கான கோரிக்கை என்று எழுதவேண்டும், அதற்கும் விதி.

கம்பெனிகள் பெயர்ப் பட்டியல் போடுவதால் தரகர்கள் முந்திக்கொள்கிறார்கள். உங்கள் அப்பா பெயரில் பணம் இருக்கிறது, எடுத்துத் தருகிறோம், இத்தனை சதவீதம் என்று போன். கொடுக்க வேண்டாம். அப்பா பெயரை நாமே தேடலாம்.

பி.எஃப். 2014-இல் யு.ஏ.என். என்ற ஒரே பொது நம்பர் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மில்லுக்கும் ஒரு நம்பர். கோயம்புத்தூரில் மூன்று மில் மாறியவருக்கு மூன்று கணக்கு. மில் மூடிவிட்டது. நம்பர் இருந்த சீட்டு எங்கே?

இன்சூரன்ஸ். பத்து வருஷம் யாரும் கேட்காத பாலிசிப் பணம் மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போகிறது. இங்கே கெடு உண்டு. போய் 25 வருஷத்துக்குள் கேட்காவிட்டால் அரசுக்கே சொந்தமாகிவிடும்.

எல்.ஐ.சி. தளத்தில் பாலிசி எண் இல்லாமலும் தேடலாம், பெயரும் பிறந்த தேதியும் போதும். பெரியப்பா பெயரில் ஒன்று இருந்ததாகப் பெரியம்மா சொல்கிறார், ஏஜென்ட் கோவில் வாசலில் வந்து பணம் வாங்கிப் போவாராம். பாங்க் வேலை கிடக்கட்டும். முதலில் அது.