தோலால் குடிக்கும் உயிர்

தவளை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உள்பக்கத்திலும் உள்ள மெல்லிய தோல் வழியாக நீரை உறிஞ்சிக்கொள்கிறது. நுரையீரல் இருந்தாலும் மூச்சில் ஒரு பங்கைத் தோலே பார்த்துக்கொள்கிறது. பினாங்கின் பாயான் லெப்பாஸில் அடுக்குமாடி வீட்டில் இருக்கும் என் அக்கா, மகளுக்குத் தவளை வாங்கித் தரச் சம்மதித்ததும் நான் முதலில் சொன்னது இதைத்தான். தண்ணீரில், காற்றில், தொடும் கையில் எது இருந்தாலும் அது நேரே அந்த உடம்புக்குள் போய்விடும். அதனால் கண்ணாடிப் பெட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அந்த வீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது.

பிள்ளை ஆசைப்பட்டது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளை. சிட்னி குடியேற்றத்தின் தலைமை மருத்துவராக இருந்த ஜான் வைட் 1790இல் தம் நூலில் விவரித்த இனம். பத்து சென்டிமீட்டர் வரை வளரும். நன்றாகப் பேணினால் 15 ஆண்டுகளுக்கு மேல் வாழும். காட்டில் பிடித்துக் கொண்டுவந்ததும் சந்தையில் கிடைக்கும் என்பதால், வளர்ப்பில் பிறந்ததுதானா என்று கடைக்காரரைத் துருவிக் கேட்டுவிட வேண்டும். உரிமம் பற்றி வனவிலங்குத் துறையிடமும் விசாரித்துக்கொள்வது நல்லது.

இந்தத் தவளைக்கான வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. சூடாக்கும் விளக்கு, சூடாக்கும் விரிப்பு என்றுதான் பட்டியல் தொடங்கும். அதைப் படித்துவிட்டுப் பிள்ளை கவலையோடு கேட்டாள்: "மாமா, ராத்திரியில அதுக்குக் குளிராதா?"

பதில் அவள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் வானிலை நிலையம் இருக்கிறது. அங்கே பதிவாகும் வெப்பம் சாதாரணமாக இரவில் 24 பாகை, நண்பகலில் 31, 32. இந்தத் தவளைக்கு 24 முதல் 29 வரை இதமானது. ஆக, இந்த ஊரில் சூடாக்கும் கருவிக்கு வேலையே இல்லை. அஞ்ச வேண்டியது நண்பகல் வெக்கையைத்தான். எல்லாரும் வேலைக்கும் பள்ளிக்கும் போனபின் பூட்டிக் கிடக்கும் மேற்குப் பார்த்த அறையில் கண்ணாடிப் பெட்டியை வைத்தால், சாயங்காலம் திறக்கும்போது தவளை உயிரோடு இருக்காது. குளிர்சாதனம் நேராக வீசும் இடமும் ஆகாது. அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துவிடும். கடைசியில் கூடத்தின் உட்சுவரை ஒட்டிய ஓர் இடம் அமைந்தது. தொழிற்பேட்டையில் வெப்பமும் ஈரப்பதமும் பார்த்துப் பார்த்தே வேலை செய்யும் அத்தான், பெட்டிக்குள் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு மானிகளைப் பொருத்திவிட்டார். இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பிள்ளை நோட்டில் எழுதி வருகிறாள்.

பெட்டி 45 சென்டிமீட்டர் அகலம், அதே ஆழம், 60 உயரம். மரத்தவளைக்குத் தரையைவிட உயரம் முக்கியம். கதவு முன்பக்கம் திறக்க வேண்டும். மேலிருந்து இறங்கும் கை அதற்குப் பருந்து மாதிரி. மேலே கம்பி வலை, முன்பக்கம் அடியில் காற்றுத் துளைகள். பினாங்குக் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். மூடிய பெட்டியில் ஓயாமல் தண்ணீர் தெளித்தால் பூஞ்சைதான் பிடிக்கும். சாயங்காலம் ஒருமுறை தெளித்து, மறுநாள் மதியத்துக்குள் இலைகள் உலரும்படி விட்டால் போதும்.

தரையில் கூழாங்கல் போடக்கூடாது. ஏன் என்பது தவளை சாப்பிடுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் புரியும். சிள்வண்டைக் கண்டதும் உடம்பையே எறிவதுபோலப் பாய்கிறது. வாயில் அகப்பட்டதை விழுங்கும்போது இரண்டு கண்களும் மூடித் தலைக்குள் அமிழ்கின்றன. உள்ளே இறங்கும் கண்விழிகள்தாம் இரையைத் தொண்டைக்குத் தள்ளிவிடுகின்றன. அந்தப் பாய்ச்சலில் இரையோடு ஒரு கல்லும் போய்விட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். தேங்காய் நார்த்தூளைக் கனமாகப் பரப்பி, மேலே மருந்தடிக்காத இடத்தில் பொறுக்கிய காய்ந்த கெத்தாபாங் இலைகளைப் போட்டோம். ஏறி உட்காரத் தக்கைப்பட்டை, ஒளிந்துகொள்ள மணி பிளாண்ட்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. நமக்காகக் கலக்கும் குளோரின் அதன் தோலுக்கு ஆகாது. அலங்கார மீன் கடைகளில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டுமருந்து போதும். அகலமான ஆழமில்லாத கிண்ணம். தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும். இங்கே அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. வீட்டில் ஏடிஸ் கொசு பெருக இடம் கொடுப்பது 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

புகை விஷயத்தில்தான் வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. கொசுவத்திச் சுருளிலும் பூச்சித் தெளிப்பானிலும் உள்ள பைரித்திராய்டு மருந்துகள் நம்மைவிட மீனுக்கும் தவளைக்கும் பலமடங்கு கொடியவை. அவற்றை நிறுத்த எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி?

"சாமிக்குப் புகை காட்டாம எப்படிடா இருக்கிறது?" என்றார் அம்மா.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒரு தவளைக்காக ஒரு வீட்டின் வழிபாட்டை நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பூசையறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து, தூபக்காலைக் கூடத்துக்குக் கொண்டுவராமல் அங்கேயே காட்டி முடிப்பது என்று அவரே வழி சொன்னார். டிங்கிக்காகப் புகையடிக்க வரும் நாளில் சன்னல்களை அடைத்துவிட்டுப் பெட்டியை உள்ளறைக்கு நகர்த்துவது என்றும் முடிவாயிற்று.

எறும்புக்கும் அம்மாவிடம்தான் வழி கிடைத்தது. ராத்திரியில் எறும்புச் சாரி பெட்டிக்குள் புகுந்தால் தவளைக்குத் தப்பிக்க இடமில்லை. அந்தக் காலத்தில் சாப்பாட்டு அலமாரிக்குச் செய்ததுபோல, மேசையின் நாலு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தச் சொன்னார். அந்தத் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு விட்டால் கொசுவும் பெருகாது.

"லோங்காங்ல கத்துற தவளையையே பிடிச்சிக்கலாமே மாமா" என்று நடுவில் ஒருமுறை பிள்ளை கேட்டாள். மழை விட்டதும் அந்த வடிகாலில் கரகரத்த குரலில் கூப்பிடும் கொழுத்த தவளைகளுக்கும், பத்து மாவுங் பக்கம் சதுப்புக் கரையில் உப்பு கலந்த நீரிலும் வாழும் நண்டுண்ணித் தவளைகளுக்கும் இந்த ஊர் ஏற்கெனவே வீடாக இருக்கிறது. அவற்றைப் பெட்டியில் அடைக்க எந்தக் காரணமும் இல்லை. அதைவிட முக்கியமாக, வாங்கிய தவளையை ஒருநாளும் அந்த லோங்காங்கில் விடக்கூடாது. 1999இல் அறிவியலாளர்கள் பெயரிட்டு விவரித்த கைட்ரிட் பூஞ்சை, தவளையின் தோலைத் தாக்கிக் கொல்வது. குறைந்தது 501 நீர்நில உயிரினங்களின் சரிவில் அதற்குப் பங்குண்டு என்று 2019இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. விற்பனைக்காக ஊர்விட்டு ஊர் போகும் தவளைகளோடு அதுவும் பயணம் செய்கிறது. அதனால் பெட்டியில் மாற்றிய தண்ணீரைக்கூட வடிகாலில் கொட்டாமல், பிளீச் கலந்து வைத்திருந்து கழிவறையில்தான் ஊற்ற வேண்டும்.

தவளை இன்னும் வரவில்லை. பெட்டி மட்டும் செடிகளோடு ஓடிக்கொண்டிருக்கிறது. மானிகள் இரண்டும் நிலையாக நிற்கும்வரை வாங்குவதில்லை என்பது ஏற்பாடு. பத்து வயதுப் பிள்ளை. தவளை முதிரும்போது அவள் படிக்கவோ வேலைக்கோ வேறு ஊர் போயிருப்பாள். அப்போது யார் பார்ப்பது என்று அக்காவிடம் கேட்டேன். "நான்தான் பார்ப்பேன், எழுதிக்கொடு" என்றார். தண்ணீர் மாற்றுவதிலிருந்து சிள்வண்டுக்குக் கால்சியம் தூள் புரட்டுவது வரை எல்லாவற்றையும் எழுதிக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறேன்.