மூன்று வேலை, மூன்று படம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் வீடுகளில் அடிக்கடி ஒரு புலம்பல் கேட்கும். "சொன்ன பேச்சைக் கேட்கிறதே இல்லை. வேணும்னே பண்றான்." பல நேரம் அது பிடிவாதமே இல்லை. சொன்ன வார்த்தை அந்தப் பிள்ளையின் மனதில் தங்குவதற்குள் கரைந்துவிடுகிறது.

யாராவது போன் நம்பர் சொன்னால், எழுதி முடிக்கும்வரை மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்போம் அல்லவா? அதுதான் குறுகிய கால நினைவாற்றல். டவுன் சிண்ட்ரோமுக்குக் காரணம் 21-வது குரோமோசோம் கூடுதலாக ஒன்று இருப்பதுதான் என்று 1959-ல் பிரான்ஸில் கண்டறிந்தார்கள். இந்தக் குறைபாடு உள்ளவர்களில் பலருக்குக் காதால் கேட்டதை நினைவில் நிறுத்துவது கடினம். கண்ணால் பார்த்தது அதைவிட நன்றாக நிற்கும் என்று பிற்பாடு வந்த உளவியல் ஆய்வுகள் காட்டின.

சென்னையில் ஓர் அம்மா. மகனுக்கு 12 வயது. "கையைக் கழுவு, தட்டை எடுத்து வை, தாத்தாவைச் சாப்பிடக் கூப்பிடு" என்று ஒரே மூச்சில் சொல்வார். பையன் கையைக் கழுவிவிட்டு அங்கேயே நிற்பான். அம்மா சத்தம் போடுவார். அவன் அழுவான். தினமும் ராத்திரி இதே கதைதான்.

அவன் படிக்கும் சிறப்புப் பள்ளியின் டீச்சர் ஒரு யோசனை சொன்னார். அதன்படி குழாய், தட்டு, தாத்தா என்று மூன்று படங்களை வரைந்து ஃப்ரிட்ஜில் வரிசையாக ஒட்டினார் அம்மா. முதல் சில நாள் ஒவ்வொரு படத்தையும் தொட்டுக் காட்ட வேண்டியிருந்தது. பிறகு அவனே பார்த்துப் பார்த்துச் செய்ய ஆரம்பித்தான். சில நாள் தட்டை மறந்துவிடுவான். ஆனால், "தாத்தா, சாப்பாடு!" என்ற குரல் மட்டும் தவறுவதில்லை. தாத்தாவும் அந்தக் குரல் வராமல் எழுந்து வருவதில்லை.

படம் ஒட்டினால் குறைபாடு மாறிவிடாது. ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு விதம். இவர்களில் பலருக்குக் காது கேட்பதிலும் சிக்கல் இருக்கும் என்பதால், அதையும் டாக்டரிடம் பரிசோதித்துக்கொள்வது அவசியம்.

வீட்டுக்கு வரும் உறவினர்களும் பழகிக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு நேரத்தில் ஒரு விஷயத்தை மட்டும், சின்ன வாக்கியமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள். பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவசரப்பட்டு வேறு வார்த்தையில் திரும்பச் சொன்னால், முதலில் சொன்னதும் கலைந்துபோகும்.