ரெண்டு பல்லுக் கிடா

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் எங்கள் குலதெய்வம் கோயிலில் கிடா வெட்டு. பந்தியில் என் பேத்தி ஒரு கால் எலும்பைக் கையில் எடுத்தாள். முனையில் இருந்த குமிழ் தனியாகக் கழன்று இலையில் விழுந்தது. "பாட்டி, உடைஞ்சிருச்சு" என்றாள். உடையவில்லை. இளம் ஆட்டுக்கு எலும்பின் முனை குருத்தெலும்பால்தான் ஒட்டியிருக்கும். வயது ஏற ஏறத்தான் தண்டோடு சேர்ந்து ஒரே எலும்பாகும். வேகவைத்தால் இளசு கழன்றுவிடும், முற்றினது கழலாது. ஆசிரியர் பயிற்சியில் யாரும் எனக்கு இதைச் சொல்லித்தரவில்லை. ஓய்வு பெற்றபின் படித்துத் தெரிந்துகொண்டேன்.

படித்தது ஈரானைப் பற்றி. அந்நாட்டின் மேற்கே சாக்ரோஸ் மலைகளில் கஞ்ச் தாரே என்று ஒரு சிறு மேடு இருக்கிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் ஜனங்கள் குடியிருந்த இடம். தோண்டியபோது வெள்ளாட்டு எலும்புகள் நிறையக் கிடைத்தன. அந்த மலைகளில் காட்டு வெள்ளாடும் உண்டு. அப்படியானால் இவை வேட்டையாடியவையா, வளர்த்தவையா?

வீட்டு ஆடு காட்டு ஆட்டைவிடச் சிறுத்துப்போகும், அதனால் எலும்பின் அளவைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றுதான் முன்பெல்லாம் நினைத்தார்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த மெலிண்டா சீடர் என்ற அம்மையார் வேறு மாதிரி யோசித்தார். அந்தப் பகுதியின் இக்காலக் காட்டாடுகளின் எலும்புகளை அளந்து பார்த்தார். அளவு பெரும்பாலும் கிடாயா பெட்டையா என்பதைப் பொறுத்தே மாறியது. அப்படியானால் எலும்பின் பருமன் ஆணா பெண்ணா என்று காட்டும், முனை சேர்ந்ததா இல்லையா என்பது வயதைக் காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கஞ்ச் தாரேயில் கிடாய்கள் இளசிலேயே அறுபட்டிருந்தன, பெட்டைகள் வளர்ந்து வயதாகும்வரை இருந்தன. 2000-ல் 'சயன்ஸ்' இதழில் இது வந்தது.

வேட்டைக்காரன் அப்படிச் செய்யமாட்டான். அவன் கண் கறி அதிகமுள்ள பெரிய கிடாய்மேல்தான் போகும். குட்டி போடும் பெட்டையைக் காப்பாற்றி, தேவைக்கு மிஞ்சின கிடாயைக் கழிப்பது மந்தை வைத்திருப்பவன் புத்தி. அங்கே கிடைத்த மண் கற்களில், ஈரம் காயுமுன் ஆடு மிதித்த குளம்புத் தடமும் இருக்கிறது! கல் அறுத்துக் காயப்போட்டவர் என்ன திட்டு திட்டியிருப்பாரோ.

(மீனுக்கும் இப்படி உண்டு. ஸ்காட்லாந்துப் பக்கம் ஓரன்சே தீவின் சிப்பி மேடுகளில் கிடைத்த மீன் காதுக்கற்களை அளந்து, எந்தப் பருவத்தில் பிடித்த மீன் என்று சொல்லியிருக்கிறார்கள். அது தனிக்கதை.)

இனி, நான் சொல்லவந்த விஷயம்.

1991-இல் ஆறாம் வகுப்புக்கு ஆதிமனிதன் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். முதலில் வேட்டையாடினான், பிறகு விலங்குகளை வளர்த்தான் என்று வாசித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "ரெண்டும் எலும்புதான டீச்சர், வளத்ததுன்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?" என்றான். எனக்குத் தெரியவில்லை. "புத்தகத்தில் இருக்கிறதைப் படி" என்றேன்.

மறுநாள் அவன் பையில் ஒரு ஆட்டுத் தாடை எலும்பு. பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். அவன் சத்தத்துக்கு நடுவிலேயே, "இது ரெண்டு பல்லு டீச்சர், கிடா. பெட்டைய இவ்வளவு சீக்கிரம் அறுக்கமாட்டாங்க" என்றான். நான் அதைச் சுவருக்கு அந்தப்பக்கம் எறியச் சொல்லி, மணி அடிக்கும்வரை அவனை வெளியே நிற்கவைத்தேன்.

ரெண்டு பல் என்றால் கீழ்த்தாடையில் பால்பல் விழுந்து முதல் ஜோடி முளைத்தது, ஒன்றரை வயதுக்குள் இருக்கும். அவன் வீட்டில் ஆடுதான் பிழைப்பு. என் கேள்விக்கும் அவன் கேள்விக்கும் பதில் அவன் கையிலேயே இருந்தது. சீடர் அம்மையாரின் கட்டுரை வருவதற்கு ஒன்பது வருஷம் முன்னால்.

அதற்குப்பின் அவன் வகுப்பில் கை தூக்கவே இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டான். மழை இல்லாத வருஷம், குடும்பத்தோடு ஆட்டை ஓட்டிக்கொண்டு வெளியூருக்குக் கிடை போடப் போனார்கள். நான்தான் காரணம் என்று சொல்லவில்லை. காரணமே இல்லை என்றும் சொல்லமுடியவில்லை.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. அந்த வருஷம் என்னிடம் ஆறாம் வகுப்பு படித்தவர்களுக்கு யாரென்று தெரியும். அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். நம்பர் கிடைத்தால் நானே பேசுகிறேன்.