ஹம்முக்கு எர்த் குழி மருந்தல்ல

திங்கள்

பாட்டு தொடங்கும் முன்பே ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஹம் ஓடினால், வந்து பார்க்கிற எலெக்ட்ரீஷியன் பெரும்பாலும் ஒரே தீர்ப்பைத்தான் சொல்வார்: எர்த் சரியில்லை. எர்த் மோசமாக இருப்பது ஆபத்துதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஹம்முக்கான காரணத்தை மண்ணுக்குள் தேடுவதற்கு முன் ஆம்பின் பின்புறத்தில் தேட வேண்டும். வால்யூமைத் திருப்பும்போது ஹம்மும் கூடிக் குறைந்தால் கோளாறு வால்யூமுக்கு முந்தைய பகுதியில் இருக்கிறது. அசையாமல் நின்றால் பிந்தைய பகுதியில். அடுத்து, ஒரு ஆர்சிஏ பிளக்கின் நடுப் பின்னையும் வெளி வளையத்தையும் ஈயத்தால் ஒன்றாகப் பற்றவைத்து, ஆம்பை அணைத்துவிட்டு, இன்புட்டில் இருக்கும் வயரை உருவி அந்த இடத்தில் இதைச் செருக வேண்டும். ஆன் செய்ததும் ஹம் இல்லையென்றால் ஆம்ப் நிரபராதி. இந்தச் சோதனையில் வீட்டு எர்த்தில் யாரும் கைவைக்கவில்லை. அதே எர்த், அதே சுவர் பாயின்ட். வயர் போனதும் ஹம்மும் போனது. 'எர்த் சரியில்லை' என்ற வாதம் இந்த இடத்திலேயே ஆட்டம் காண்கிறது.

செவ்வாய்

காதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்பவர்கள் உண்டு. அதில் பாதி உண்மை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆம்புக்குள் இருக்கும் ரெக்டிஃபயர் அலையின் இரு பாதியையும் பயன்படுத்துவதால், ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துபோனால் வருவது 100 ஹெர்ட்ஸ். வெளி வயரில் ஏறுவது 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும். சிக்கல் என்னவென்றால், 50, 100 இரண்டுமே 5 கட்டை சுருதிக்குச் சற்று மேலே விழுகின்றன; ஸ்வரம் ஒன்று, ஸ்தாயிதான் வேறு. சின்ன ஸ்பீக்கரோ 50 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்பாது, மடங்குகள் மட்டும்தான் கேட்கும். ஆகவே காது ஒரு துப்பு தரும், அவ்வளவுதான். ட்ரையாக் வகை ஃபேன் ரெகுலேட்டரால் வரும் 'ர்ர்ர்' வேறு ரகம். ஃபேனை நிறுத்தினால் தெரிந்துவிடும்.

வியாழன்

வயரோடு வந்து வயரோடு போகும் ஹம்முக்கு வழக்கமான காரணம் எர்த் லூப்: இரண்டு இடங்களில் உள்ள எர்த்துகள் சிக்னல் வயர் வழியாக ஒரு வளையமாக இணைவது. இதற்குக் கேட்க வேண்டிய ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அந்த வயரின் மறுமுனையில் இருக்கும் செட்-டாப் பாக்ஸின் அடாப்டரில் இரண்டே பின். எர்த்தே இல்லாத சாமானால் எப்படி எர்த் லூப் வரும்? வழி பாக்ஸின் பின்னால் திருகியிருக்கும் கேபிளில் இருக்கிறது. அதன் வெளிப் பின்னல் மொட்டைமாடி டிஷ்ஷின் இரும்புச் சட்டத்துக்கோ தெருவிலுள்ள ஆபரேட்டரின் பூஸ்டருக்கோ போகிறது. அங்கே ஒரு எர்த், ஆம்பின் மூன்று பின் பிளக்கில் இன்னொரு எர்த். இரண்டுக்கும் இடையே சிறு வோல்ட் வித்தியாசம் இருந்தாலும் மின்னோட்டம் ஆர்சிஏ வயரின் ஷீல்டு வழியாகப் பாயும். அந்த ஷீல்டேதான் சிக்னல் திரும்பிப் போகும் பாதையும், கெடுதல் அதனால்தான். ஷீல்டும் பிளக் தொடர்புகளும் சேர்ந்து 0.1 ஓம் என்றும், பாய்வது 10 மில்லி ஆம்பியர் என்றும் வைத்துக்கொண்டால் அங்கே 1 மில்லி வோல்ட் எழும். 2 வோல்ட் சிக்னலில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. பகலில் தெரியாமல் போகலாம். ராத்திரி தெரு அடங்கியதும் தம்புராபோல உட்கார்ந்துகொள்ளும். கேபிளைத் திருகிக் கழற்றியதும் நின்றால் வழக்கு முடிந்தது.

வெள்ளி

'ஆம்பின் எர்த் பின்னை உடைத்தேன், ஹம் நின்றுவிட்டது' என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. அவர் லூப்பை அறுத்திருக்கிறார். நோயைச் சரியாகக் கண்டுபிடித்ததற்கு அது அத்தாட்சி. ஆனால் நாளை ட்ரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் போனால் 230 வோல்ட் ஆம்பின் உடம்பிலும், ஷீல்டு வழியே டிவி, லேப்டாப் வரையிலும் வந்து நிற்கும். மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதே என்றால், பல சமயம் அது விழுவது யாராவது அந்த உடம்பைத் தொட்ட பிறகுதான். உப்பும் கரியும் போட்டுத் தனி எர்த் குழி வெட்டச் சொல்பவர்களிடம் வேறொரு கேள்வி: இரண்டு குழிகளுக்கும் நடுவே இருக்கும் மண்ணின் தடையை என்ன செய்வது? ஆம்ப் புதுக் குழியிலும் மற்றதெல்லாம் பழைய குழியிலும் இருந்தால், இரண்டையும் இணைக்கும் மெல்லிய கம்பி உங்கள் ஆர்சிஏ வயர்தான். பக்கத்தில் இடி விழுந்தால் அதன் கதி என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. விமானத்தில் குழியே கிடையாது, பாட்டு கேட்கத்தான் செய்கிறது.

ஞாயிறு

எர்த்தைத் தொடாமல், சிக்னல் பாதையில் லூப்பை அறுப்பதுதான் முறை. ஆர்சிஏ வயரின் நடுவே ஆடியோ ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் போடலாம். மலிவானதில் கீழ் ஸ்தாயி கெட்டு, மிருதங்கத்தின் தொப்பி மெலிந்து கேட்கும். தெருக் கேபிளாக இருந்தால் கேபிளிலேயே ஐசொலேட்டர் வைக்கலாம். டிஷ்ஷுக்கு அது சரிவராது, ஏனென்றால் டிஷ்ஷின் முன்னால் இருக்கும் எல்என்பி என்ற சிக்னல் வாங்கிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் அதே கேபிளில்தான் மேலே போகிறது. ஐசொலேட்டர் அதையும் நிறுத்திவிடும், படமே வராது. அங்கே ஆப்டிகல் வயர்தான் நல்லது. வெளிச்சத்தில் ஷீல்டும் இல்லை, லூப்பும் இல்லை. பாக்ஸில் ஆப்டிகல் துளை இல்லையென்றால் டிவியின் பின்னால் பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஆம்ப் பழையது என்றால் நடுவில் டிஜிட்டல் சிக்னலை ஆடியோவாக மாற்றும் ஒரு சிறிய டிஏசி வேண்டும், அதன் அடாப்டர் இரண்டு பின் உள்ளதாக இருக்கட்டும்.